அடிக்கு ஒரு நன்றி

ஹம்சத்வனி அந்த ஆளின் மண்டையில் மூன்றாவது முறையும் போட்டாள். மூங்கில் வாள் அவருடைய கம்பி முகமூடியில் இறங்கிய சத்தம் ஒஸ்லோ கெண்டோ மண்டபம் முழுக்கக் கேட்டது. வாங்கியவர் தலையைக் குனிந்தார், பேசாமல் நின்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜப்பானிய வாள்சண்டையில் அடி வாங்கியவர்தான் நன்றி சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு ‘அரிகாதோ கொசாய்மாஷ்தா’ என்று முழுசாக. கூட்டாளிகளுக்கு வெறும் ‘அரிகாதோ’ போதும்.

பக்கத்து நகரமான திராமனிலிருந்து இன்றைக்கு முதல்முறையாக வந்திருந்த இந்த ஆளுக்கு அது தெரியாமலும் இல்லை. ஆசிரியர் மார்க்கஸிடம் வாங்கியபோது முழுசாகச் சொன்னார். கூடப் பயிலும் டெனிஸ் மணிக்கட்டில் போட்டதற்குக்கூட சிரித்துக்கொண்டே ஓர் ‘அரிகாதோ’ போட்டார். இவளிடம் மட்டும் வாயைத் திறக்கக் காணோம்.

பெண்ணிடம் அடி வாங்கியது அத்தனை கேவலமாக இருக்கிறதாமா?

“ஹம்சா, கோபத்தோட அடிக்காதே!” மார்க்கஸ் நோர்வேஜிய மொழியில் கத்தினார். “இன்னொரு தடவை இப்படி அடிச்சா, தேசிய அணியில நீ இல்லை.”

அந்த அணிக்காகத்தான் பதினைந்து வருடமாக உடம்பெல்லாம் கன்றிப்போகக் கிடந்தாள். அப்பா விட்டுவிட்டுப் போன ஐந்து வயதில், வீட்டில் ஒரு பொருள் மிஞ்சாமல் போட்டு உடைக்கிறாளே என்று அம்மா கொண்டுவந்து சேர்த்த இடம் இது. கோபம் மட்டும் இன்னும் அவளோடுதான் இருந்தது.

நாலாவது அடி. பேச்சில்லை.

ஐந்தாவதை விலாவில் கொடுத்தாள். மனுசன் ஒருக்களித்து, முனகி, மறுபடியும் குனிந்து நின்றார். அதற்கும் பேச்சில்லை.

அணியாவது மண்ணாவது! ஆறாவதை நேரே தொண்டைக்குக் குத்தினாள். அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்தபோது கடிபட்ட உதட்டு ரத்தம் முகமூடிக் கம்பி வழியாகத் தரையில் சொட்டியது.

“முடிஞ்சுது. வெளியே போ, ஹம்சா!” என்றார் மார்க்கஸ்.

அவள் போகவில்லை. வாளை வீசியெறிந்துவிட்டு அந்த ஆளின் நெஞ்சுக்கவசத்தைப் பிடித்து உலுக்கினாள். “எல்லாருக்கும் நன்றி சொன்னீங்களே! எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?” நோர்வேஜிய மொழியில்தான் தொடங்கினாள், ஆத்திரத்தில் பாதியிலேயே தமிழுக்கு மாறியதை அவளே கவனிக்கவில்லை.

அவர் இருமிக்கொண்டே முகமூடியின் கட்டை அவிழ்த்தார். பதிலும் தமிழில்தான் வந்தது.

“பெத்த பிள்ளைக்கு ஆரும் நன்றி சொல்லுவினமே, அம்மா?”