கண்ணாடி அறை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுச் சபையும் தலைகுனிந்திருந்தது. இந்தப் பக்கம் இரண்டு கைக்குழந்தைகள், அவற்றின் அம்மாக்கள், முப்பது வயது மகனோடு அவள்.

"உங்க வசதிக்காகத்தாம்மா" என்று சொல்லி, சபைச் செயலாளர் வாசலிலேயே மறித்து, குழந்தைகள் அழுதால் சத்தம் வெளியே கேட்காத இந்த அறைக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவ்வளவு பணிவாகச் சொன்னால் சண்டை போடவும் வாய் வராது.

விஷயம் வசதி இல்லை, மௌன ஜெபம். பிரசங்கம் முடிந்ததும் மூன்று நிமிடம் சபையே மூச்சுக் காட்டாமல் இருக்கும். ஜெபம் முடிந்தது என்பதற்குப் போதகர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்துவார். உடனே கீபோர்டில் பாட்டு மெதுவாக எழும்.

அந்த நேரத்தில்தான் இவள் மகன் காரியத்தைக் கெடுப்பான். அவன் தலைகுனிவதே இல்லை. போதகரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்து, கை உயர்ந்த நொடியில் கூரை அதிர "ஆமென்!" என்று ஒரு போடு போடுவான்.

பதினோரு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் இதே கதை. ஆராதனை முடிந்ததும் அவள் பெஞ்சு பெஞ்சாகப் போய் மன்னிப்புக் கேட்பாள். முகம் சுளிக்காமல் சிரிப்பவர் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர்தான்.

இனி அந்த வேலையும் மிச்சம். அடுத்த வாரத்திலிருந்து வீட்டிலேயே ஜெபித்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

போதகரின் கை உயர்ந்தது.

"ஆமென்!"

குழந்தை ஒன்று வீறிட்டது. கண்ணாடி நல்ல தடிமன். வெளியே ஒரு தலைகூட அசையவில்லை.

பாட்டும் எழவில்லை.

போதகர் கையை இறக்கி மறுபடி உயர்த்தினார். தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். நாலைந்து பேர் கண்ணைத் திறந்தார்கள்.

கீபோர்டுக்காரரின் விரல்கள் கட்டைகளின் மேல் தயாராகத்தான் இருந்தன. தலையை மட்டும் அவளும் மகனும் வழக்கமாக உட்காரும் பின்பெஞ்சுப் பக்கம் சாய்த்து, அவர் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், அறையில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"தம்பி இன்னைக்கு வரலையா? அவன் சொன்னாத்தானே ஐயா கை தூக்கினது எனக்குத் தெரியும்!"

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் போதகரின் கை எப்படித் தெரிகிறது என்று பதினோரு வருடத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அவளுக்கும்தான்.

செயலாளர் எழுந்து வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மகன் அவரைத் தாண்டி நடந்துபோய், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, போதகரை நிமிர்ந்து பார்த்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

சபை மறுபடி தலைகுனிந்தது. போதகர், அவன் முகத்தைப் பார்த்தபடியே, கையை உயர்த்தினார்.