மூன்றடி பத்தங்குலம், இரண்டு நூல்

“யாருய்யா இந்தப் பொண்ணு?”

பதிப்பாளர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மேஜை முழுக்க மடிப்புப் புத்தகத்தின் அச்சுப் படி நீண்டு கிடந்தது. எட்டு மடிப்பு. எட்டுக்கும் ஒரே மலைத்தொடர், ஒரே ஆறு, ஒரே வானம். கதை, தாயைத் தேடிப் போகும் ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது. ஆட்டுக்குட்டியை வேறொருவர் வரைந்துவிட்டார். மலையும் ஆறும் வானமும் மட்டும், எதிரே கைகட்டி நிற்பவரின் வேலை.

கம்ப்யூட்டரில் ஒரு மேகத்தைத் தீட்ட ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘மேகம்’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை அவர் பேசியதையெல்லாம் திரட்டி அச்சடித்தால் இரண்டு பக்கம் தேறாது.

ஐந்தாம் மடிப்பில், ஒற்றை மரத்தடியில், விரல் நகம் உயரத்துக்கு ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியிலேயே பதிப்பாளர் எழுதிய வரி: ‘யாருமே இல்லாத புல்வெளி.’

“யாருமே இல்லாத புல்வெளியில இந்தம்மா மட்டும் எப்படி வந்தாங்க? குத்தகைக்கு எடுத்திருக்காங்களா?”

மேகம் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“தப்பு நடந்துபோச்சு சார். அது அளவு.”

“என்ன அளவு?”

“மரம் எவ்வளவு உயரம், மலை எவ்வளவு தூரம்னு கண்ணுக்குப் பிடிபடணும் சார். பக்கத்துல ஒரு ஆளை நிக்க வெச்சுப் பாத்துதான் வரைவேன். ஆள் தனி லேயர்ல இருக்கும். வேலை முடிஞ்சதும் மறைச்சுட்டு அனுப்பணும். ஏழு மடிப்புல மறைச்சுட்டேன். இதுல விட்டுப்போச்சு.”

“இது உங்க பொண்ணா?”

“ஆமா சார்.”

“அதானே பாத்தேன்! பைண்டர் என்னடான்னா ஆட்டுக்குட்டிக்கு அவன் பேரன் பேரை வெக்கச் சொல்றான். நீங்க கேக்காமலே குடியேத்திட்டீங்க.”

பதிப்பாளர் சிவப்புப் பேனாவை எடுத்து, சிறுமியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘நீக்கு’ என்று எழுதினார்.

“மூணு மணிக்கு மெஷின் ஓடணும். இவ இங்க நின்னா என் வரி பொய்யாயிடும். நாப்பது வருஷமா என் எழுத்துல ஒரு கமாவைக்கூட எவனையும் தொடவிட்டதில்ல. தெரியும்ல?”

தெரியாமல் என்ன? ஒரு முறை ஒரு கமாவை நகர்த்திய பிழைதிருத்துபவர், இப்போது எதிர்த் தெருவில் குடை ரிப்பேர் பார்க்கிறார்.

“இப்பவே மறைச்சுடறேன் சார்.”

“மறைக்கறதெல்லாம் வேண்டாம். அழிச்சிடுங்க. எல்லா ஃபைல்லேருந்தும். இல்லேன்னா அடுத்த புத்தகத்துலயும் வந்து நிப்பா.”

மேகம் நகரவில்லை.

“மறைக்கறேன் சார். அழிக்கச் சொல்லாதீங்க.”

“அழிக்கலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்னு சொன்னா?”

“வரல சார்.”

குரல் உயரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னார். பதிப்பாளருக்குத்தான் தொண்டை வறண்டது. ஆட்களை மிரட்டிப் பழகியவருக்கு, மிரட்டலை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

மஞ்சள் கவுன். ஒரு காலில் மட்டும் சாக்ஸ் நழுவிக் கணுக்காலில் சுருண்டு கிடந்தது.

“அளவுக்கு நிக்கிற பொம்மைக்கு எதுக்குய்யா இத்தனை நுணுக்கம்? ஒரு சாக்ஸ் இறங்கியிருக்கு.”

“இடது கால் சார். எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் இறங்கிடும்.”

பதிப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வயசு என்ன?”

“ஏழு.”

“உயரம்?”

“மூணடி பத்தங்குலம், ரெண்டு நூல்.”

“தச்சன் கெட்டான் போங்க! அங்குலத்துக்குக் கீழ நூல் கணக்கு வேறயா?”

“வீட்டுச் சுவத்துல கோடு போட்டிருக்கேன் சார். அதுக்காகவே வெள்ளையடிக்காம விட்டிருக்கு.”

“ஊருக்கெல்லாம் வானம் பூசறவர் வீட்டுல சுவர் அழுக்கு!”

கோபம் போய், பதிப்பாளருக்குத் தாராளம் வந்துவிட்டது. அது அவருக்கு வருடத்தில் ஒரு நாள்தான் வரும். வந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது.

“சரி, இப்படிச் செய்யலாம். இந்தப் பழைய படத்தை அழிச்சிடுங்க. சனிக்கிழமை பாப்பாவை இங்க கூட்டிட்டு வாங்க. அதோ அந்தச் சுவத்துல நிக்க வெச்சு நானே அளக்கறேன். புதுசா ஒண்ணு வரைஞ்சு வெச்சுக்கங்க. புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே வளந்துடும். பழைய அளவையே பிடிச்சுக்கிட்டு இருந்தா உங்க மலையெல்லாம் தப்பாப் போயிடாதா?”

மேகம் ஐந்தாம் மடிப்பின் விளிம்பை ஒரு விரலால் மெல்ல நீவிவிட்டார்.

“போகாது சார். பன்னெண்டு வருஷமா ஒரு நூல்கூட ஏறல.”

பதிப்பாளர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ‘நீக்கு’ என்பதை அடித்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் வரியிலும் கைவைத்து, ‘யாருமே இல்லாத’ என்ற இரண்டு சொற்களை அடித்தார்.