பக்கிரிசாமியின் முதலை

கையில் ஒரு துடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலை கிடந்த ஏரிக்குள் பக்கிரிசாமி இறங்கினார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளின் ஜனம் முழுக்கக் கரையில் நின்று "ஐயையோ!" என்று அலறியது. துப்பாக்கியோடு நின்ற துரைக்கே முகம் வெளிறிவிட்டது.

பக்கிரிசாமிக்கோ சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பறவைகளுக்கென்று துரைமார் ஒதுக்கிவைத்த அந்த ஏரிக்கு அவர்தான் காவல்காரர். துரை சீமையிலிருந்து வரவழைத்த வாத்துகளில் இரண்டு அவர் வீட்டுச் சட்டியில் குழம்பாகிவிட்டன. காணாமல் போனவை என்னவோ ஆறு. மற்ற நாலையும் துரை வீட்டுச் சமையல்காரன் அமுக்கியிருப்பான் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

துரை கேட்டபோது, "ஏரியில மொதல இருக்குங்க தொரே" என்று கூசாமல் புளுகினார்.

"ஞாயித்துக்கிழமே மொதலே காட்டு. இல்லே, ஒனக்கு வேலே இல்லே, ஜெயில்!" என்றார் துரை.

அன்றைக்கே கிள்ளானுக்கு ரயிலேறினார் பக்கிரிசாமி. ஆற்று முகத்துச் சதுப்புத் தீவுகளில் நண்டு பிடிக்கும் மைதீன் அவருக்கு நெடுநாள் சிநேகிதன்.

"இதுக்குப் போயா அழுவுறீங்க? தீவுல மொதலைக்கா பஞ்சம்! சனிக்கிழம ராத்திரியே ஏரியில விட்டுர்றேன்லா. வாயப் பெரம்பால கட்டித்தான் விடுவேன். நீங்க தைரியமா எறங்குங்க அண்ணே."

அந்தத் தைரியம்தான் இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. கலங்கல் தண்ணீரில் முதலையின் கண்ணும் முதுகும் மட்டும் தெரிந்தன. பக்கிரிசாமி அதன் முதுகில் துடுப்பால் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எந்திரிடா சோம்பேறி! தொரை எம்மா நேரம் காத்திருப்பாரு?"

அது நகரவில்லை. வாலைப் பிடித்து இழுத்தார். சீறித் திரும்பியது முதலை. துரை சுட்டார். தண்ணீர் சிவந்தது, முதலை புரண்டு மூழ்கியது.

ஜனங்கள் பக்கிரிசாமியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். துரை கையைப் பிடித்துக் குலுக்கி, தன் சுருட்டிலேயே ஒன்றை எடுத்து நீட்டினார். வேலை பிழைத்தது என்று பக்கிரிசாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுருட்டைப் பற்றவைக்கும்போது மைதீன் மூச்சிரைக்க ஓடிவந்தான். தோளில் ஒரு கோணிச்சாக்கு. அது நெளிந்தது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, நேத்து ராத்திரி ரயிலத் தவறவிட்டுட்டேன். மொதல இந்தா சாக்குல இருக்கு, எங்குட்டு எறக்க?"