ஆளுக்கு ஒன்று

தலைக்கு மேலே பலகைகள் படபடவென்று திறந்தன. மஞ்சள் ஆக்ஸிஜன் முகமூடிகள் எல்லா இருக்கைகளுக்கும் முன்னால் தொங்கி ஆடின.

பணிப்பெண் காபி வண்டியை பிரேக் போட்டு நிறுத்தினாள். நடைபாதையோரம் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். முன்னால் தொங்கிய முகமூடியை வெடுக்கென்று இழுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள்.

பத்து விநாடிகூட ஆகவில்லை. பதினோரு வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை வேலை செய்தது.

உள்ளே வெள்ளையாய்ப் பனி எழுந்தது, வந்த வேகத்தில் கரைந்தது. விமானம் மூக்கைக் கவிழ்த்தது. சுவாசிக்கக் காற்றுள்ள உயரத்துக்கு இறங்க நான்கைந்து நிமிடமாகும். முகமூடி இல்லாதவனுக்கு அரை நிமிடம்தான் கெடு. அதையும் சிரித்துக்கொண்டே கழித்துவிட்டுப் போவான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை நடைபாதையில் நின்று இதை எப்படிப் போடுவதென்று காட்டுகிறாள். ஒரு ஜீவன்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓசியில் கொடுத்தும் போணியாகாத சரக்கு. இன்றைக்குக் கடை கொள்ளாத கூட்டம்.

குளிர் தெரியவில்லை. உடம்பு பஞ்சாய் மிதந்தது. நகங்கள் நாவல்பழ நிறத்தில் அழகாக இருந்தன. சாயம் எப்போது பூசினோம் என்றுதான் நினைவில்லை.

ஓர் இருக்கை தள்ளி, ஜன்னலோரம் ஜவுளி வியாபாரி. சற்று முன்புதான், "டிக்கெட்டுக்கு இவ்வளவு வாங்கிட்டு ஒரு காபியோட விட்டா எப்படிம்மா? ரெண்டா குடு" என்று மல்லுக்கு நின்றவர்.

இப்போது அவர் முகமூடிக்குள் ஏதோ கத்தினார். அவள் பக்கம் எட்டினார்; குழாய் இழுத்துப் பிடித்தது. இரண்டு விரலை நீட்டி, அவள் முகத்தைக் காட்டி, விரல்களை ஒட்டி ஒட்டிக் காட்டினார். கண்ணில் நீர் முட்டியது.

சாகிற நேரத்திலும் பேரம் விடவில்லை மனுஷன்.

"ரெண்டெல்லாம் கிடையாது சார். ஆளுக்கு ஒண்ணுதான்."

முகமூடிக்குள்ளிருந்து பேசியும் தன் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டது அவளுக்கே வியப்பு.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பயிற்சி கொடுத்த அக்கா சொன்னது, ஏனோ இப்போது காதில் விழுந்தது: "டெமோ மாஸ்க் நாலு பேர் எச்சில் பட்டது, மூஞ்சியில வச்சுடாத. ரெண்டு விரல் தள்ளிப் பிடி, லிப்ஸ்டிக் ஒட்டக்கூடாது."

பதினோரு வருடத்தில் ஒரு நாளும் ஒட்டியதில்லை.

இன்றும் ஒட்டவில்லை.