இயற்கணிதம் ஒன்று

ஒரே கனவை யாராவது நான்கு வருடம் காண்பார்களா?

வில்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் படிப்பு பற்றிய ஆய்வுக்காக, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒன்பது வருடங்களாகப் படித்த பள்ளிப் பிள்ளைகள் அதில் வரிசை வரிசையாக மேலேறிப் போனார்கள்.

பெயர் கிடையாது. ஓர் எண், வகுப்பு, படித்த கணக்குப் பாடம், மதிப்பெண்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியது. உள்ளே பிள்ளைகள் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் தானும் மிதப்பது போலிருந்தது அவளுக்கு.

பதினோரு பேரிடம் வந்து கை நின்றுவிட்டது.

கிழக்குச் சமவெளியில் ஏதோ சின்னப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் ஒன்று, அதாவது அதன் முதல் படி. பத்தாம் வகுப்பில் இயற்கணிதம் ஒன்று. பதினொன்றிலும் அதுவே. பன்னிரண்டிலும்.

ஆய்வை நடத்தும் கர்ட் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"எவனோ தூங்கிக்கிட்டே ஒரே வரியைக் காப்பி பண்ணியிருக்கான். எல்லாரும் பாஸ், பாரு. பாஸானவன் திரும்பப் போய் அதே கிளாஸ்ல உட்காருவானா? பதினோரு பேரையும் தூக்கிடு, தாயே. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

தூக்கினால் அந்தப் பள்ளியே ஆய்வில் இருக்காது. ஒன்பது வருடத்திலும் அங்கே படித்தவர்கள் மொத்தமே அத்தனை பேர்தான். ஆய்வில் இருக்கும் பள்ளிகளுக்குள் பார்த்துத்தான் அடுத்த வருடம் கணக்கு ஆசிரியர்களை அனுப்பப் போகிறார்கள்.

அவள் ஒரு பிள்ளையின் மதிப்பெண்களைத் தனியே எடுத்தாள்.

எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று ஒன்பது.

காப்பி பண்ணிய எண் வளருமா?

அந்த அறை கண்ணில் விரிந்தது. செப்டம்பர் வெயில். அதே புத்தகத்தின் அதே முதல் பக்கம். ஆசிரியர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஒருத்தி விடை போட்டுவிட்டு, அறுத்த கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த செப்டம்பரிலும் வருகிறாள். கண்டுபிடித்துவிட்டதை, தெரியாதவள் போல, மறுபடி தேடுகிறாள்.

வில்லா அந்தப் பள்ளியின் பாடப் பட்டியலைத் திறந்தாள்.

கணக்கு என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

இயற்கணிதம் ஒன்று. அதற்கு மேல் அங்கே வகுப்பே இல்லை.

"தூக்கியாச்சா?" கர்ட் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல, கர்ட். இவங்க இருக்கட்டும்."