விளம்பரத்தில் வந்த பெண்

படத்தில் இருப்பது தன் மகள்தான் என்று லட்சுமம்மா மறுபடியும் சொன்னபோது இளங்கோவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டான்.

அந்தப் பெண்ணை உண்டாக்கியவனே அவன்தான்.

விவேக் நகரில் பேக்கரி, தையல் கடை, பியூட்டி பார்லர் என்று சின்னச் சின்னக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. லவினாவின் சேலைக் கடைக்கு ஒரு மாடல் தேவைப்பட்டாள். நிஜப் பெண் என்றால் சம்பளம், மேக்கப், ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு. ஏஐயிடம் இரண்டு வரி எழுதிப்போட்டால் பச்சைப் பட்டில் ஒருத்தி வந்து நிற்பாள். கால் வலிக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டாள்.

கல்யாண சீசன் ஆச்சே, ஓசூர் பக்கத்து ஜனமும் வரட்டும் என்று லவினா கேட்டிருந்தாள். இவனும் விளம்பரம் போய்ச்சேரும் எல்லையைத் தாராளமாக இழுத்துவிட்டான். விளம்பரம் ஓசூரையும் தாண்டி, பட்டு வாங்க வசதியில்லாத கிராமங்கள் வரைக்கும் போய்விட்டது. அதில் ஒரு கிராமத்தில் லட்சுமம்மா தன் செல்போனில் அதைப் பார்த்தாள். விடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து, புருஷன் கோவிந்தப்பாவையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

கோவிந்தப்பா கடைக்குள் வரவில்லை. அது நம் பெண்ணே இல்லை, திரும்பிப் போகலாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாராம். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தியும் கையுமாகச் சர்ச்சுக்குப் போகிற வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

கல்லூரிக்குக் கிளம்பிய மகள் ஷோபா வீடு திரும்பாமல் நாலு வருஷம் ஆகிறது. ஒரு பையனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசியது. அந்தப் பையன் என்னவோ அதே ஊரில்தான் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மானம் போய்விடும் என்று கோவிந்தப்பா போலீசுக்குப் போகவில்லை. லட்சுமம்மா மட்டும் இன்றைக்கும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கிறாள்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தாள்.

இளங்கோவன் அதை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே நெற்றி. லேசாக ஏறிய அதே பல். கழுத்தின் இடப்பக்கம் அதே மச்சம்.

அந்த மச்சத்தை அவன் கேட்டு வாங்கவில்லை. சேலை விளம்பரத்துக்கு அது எதற்கு என்று அழித்துப் பார்த்தான். அழிக்க அழிக்க வந்தது. தொலையட்டும் என்று விட்டுவிட்டிருந்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். போட்டோவில் இருப்பவள் சின்னப்பெண், விளம்பரத்தில் இருப்பவள் நாலு வயது மூத்தவள். லட்சுமம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள்.

லவினா அவள் கையில் டீயைக் கொடுத்துவிட்டு இவனைப் பார்த்துக் கண் காட்டினாள். எப்படியாவது சொல்லிப் புரியவை என்று அர்த்தம்.

இளங்கோவன் லட்சுமம்மா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இது படம் வரைகிற மெஷின்தான் அம்மா, நாம் எழுதுவதை வரையும், அவ்வளவுதான், இந்தப் பெண் எங்கேயும் இல்லை என்றான். வேண்டுமானால் உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன், என்ன வரைய வேண்டும் சொல்லுங்கள் என்றும் கேட்டான்.

லட்சுமம்மா டீயைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ இப்ப எங்க இருக்கான்னு கேளு கண்ணு."

கேட்கிற கேள்வியா இது. ஆனால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று தன் போனில் அப்படியே தமிழில் அடித்தான். கடைத்தெருவோ, ஹாஸ்டலோ, ஏதாவது பொதுவாக வரும், பார்த்து மனசை ஆற்றிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தான்.

படம் புகை மாதிரி கலங்கி, மெல்லத் தெளிந்தது.

அதே முகம். அதே பச்சைச் சேலை, ஆனால் இடுப்புக்குக் கீழே எல்லாம் செம்மண். சிரிப்பு இல்லை. பின்னால் வெட்டவெளி. ஒரு பக்கம் சுவர் இடிந்த பழைய கிணறு, அதன்மேல் சாய்ந்து நிற்கிற ஒற்றை வேப்பமரம். இதில் ஒன்றைக்கூட இளங்கோவன் எழுதவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. போனை அணைத்துவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் லட்சுமம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு இடம் பிடிபடவில்லை. வாசலுக்குப் போய்ப் போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீங்கள் நாலு இடம் போய்வந்தவர், இது யார் நிலம் என்று தெரிகிறதா பாருங்கள் என்று ஆசை ஆசையாகக் கேட்டாள்.

காலையிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் படத்தைப் பார்க்காத கோவிந்தப்பா பார்த்தார்.

"அந்தக் கெணத்ததான் மூடிட்டமே" என்றார்.

தெருவில் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. போனை நீட்டிய கையை லட்சுமம்மா இன்னும் இறக்கவில்லை.