மேனேஜரின் நடை

ஜெயஸ்ரீக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

காலை ஆறு மணி. எதிர் வீட்டு மொட்டை மாடியில் தட்சிணாமூர்த்தி நாலு காலில் போய்க்கொண்டிருந்தார்.

ஆமாம், நாலு காலில்தான்! அறுபத்தெட்டு வயசு மனுஷர். மாநகர பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்காத நாள் கிடையாது. அவர் சிமெண்டுத் தரையில் கையை ஊன்றித் தவழ்கிறார். இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறார். நாலு எட்டுக்கு ஒரு தரம் பயந்தாற்போலத் திரும்பிப் பார்க்கிறார்.

பின்னால் யார்? சாட்சாத் மருமகள் ஓவியா! போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

"இன்னொரு தரம் மாமா. தலையை இன்னும் கொஞ்சம் சாய்ங்க."

"அடிப்பாவி!" வாய்விட்டே சொல்லிவிட்டாள் ஜெயஸ்ரீ.

அந்த ஜன்னலை விட்டால் ஜெயஸ்ரீக்கு இப்போது வேறு போக்கிடம் இல்லை. கணவர் சாம்பசிவன் இறந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். அவர் போன நாற்பதாம் நாள் அவர் வளர்த்த நாயும் போய்விட்டது. பாங்கில் கடைசிவரை கிளார்க்காகவே இருந்த மனுஷர், நாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்தார். தினம் காலையில் "மேனேஜர் சார், போலாமா?" என்று கேட்டுத்தான் வாக்கிங் கிளம்புவார்.

சரி, பழங்கதை எதற்கு? கண்ணெதிரே ஒரு பெரியவர் சித்திரவதைப்படுகிறார். ஜெயஸ்ரீ ஜன்னல் வழியே வீடியோ எடுத்தாள். தெருவாசிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

'பெற்ற பிள்ளை துபாயில். இங்கே மருமகள் மாமனாரை நடத்துகிற லட்சணத்தைப் பாருங்கள்!'

அவ்வளவுதான், குரூப் பற்றிக்கொண்டது. எட்டு மணிக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணனே வந்துவிட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக் கேட்டைத் திறந்தாள் ஜெயஸ்ரீ.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் தட்சிணாமூர்த்தி. ஓவியா அவர் முழங்காலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் பார்க்குதுன்னதும் ஒத்தட வேஷமா?" என்றாள் ஜெயஸ்ரீ. "பெத்த அப்பனா இருந்தா இப்படித் தவழ விடுவியா?"

ஓவியா தலை குனிந்துகொண்டாள்.

"வீடியோ ஆதாரம் இருக்கும்மா. போலீசுக்குப் போனா அசிங்கமாயிடும்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

ஓவியா ஐஸை மறு முழங்காலுக்கு மாற்றினாள்.

"போதும் ஓவியா, காட்டிடு" என்றார் தட்சிணாமூர்த்தி.

"வெள்ளிக்கிழமைதானே மாமா..."

"வெள்ளிக்கிழமையாவது ஒண்ணாவது! எனக்காக நீ பேச்சு வாங்குறதைப் பார்த்துகினு என்னால உக்காந்துர முடியாது."

ஓவியா லேப்டாப்பைக் கொண்டுவந்து ஜெயஸ்ரீயின் முன்னால் வைத்தாள். அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். திரையில் ஒரு கார்ட்டூன் படம் ஓட ஆரம்பித்தது.

சாம்பசிவன் தினம் நடந்த கீழ்க்கட்டளை ஏரிக்கரை. விடிகிற நேரம். "மேனேஜர் சார், போலாமா?" என்று ஒரு குரல்.

ஜெயஸ்ரீக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மடக்கிய குடையும் கையுமாக ஒரு மனுஷர் வருகிறார். அவருக்கு முன்னால் ஒரு பழுப்பு நாய். எப்போதோ ஷேர் ஆட்டோ ஏறி ஊனமான இடது பின்னங்காலை இழுத்து இழுத்து வைக்கிறது. நாலு எட்டு நடக்கிறது. தலையைச் சாய்த்துத் திரும்பி, அவர் வருகிறாரா என்று பார்க்கிறது. வருகிறார். மறுபடி நாலு எட்டு.

கோடுதான். வெறும் கோடும் கலரும்தான். ஆனால் மேனேஜர் நடந்துகொண்டிருந்தது! ஜெயஸ்ரீயின் கை தானாகப் போய்த் திரையைத் தொட்டது.

"எப்படிடி... எப்படி உசுரோட வருது?"

"நீங்கதான் ஒரு நாள் சொல்லி அழுதீங்க ஆன்ட்டி. போட்டோல முகம் இருக்கு, நடந்து வர்றது மட்டும் கண்ணுக்குள்ள வரமாட்டேங்குது, ஒரு வீடியோ கூட எடுத்து வைக்கலையேன்னு. அங்கிளோட வருஷத் திதிக்குள்ள இதை முடிச்சுக் கொடுக்கலாம்னு நினைச்சேன். உருவம் வந்துடுச்சு, நடை வரலை. எந்த நாயைப் பார்த்து வரைஞ்சாலும் அந்த நாயாத்தான் இருந்துச்சு. மாமாதான், நான் நடந்து காட்டறேன்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"ஒம்போது வருசம் ஒண்ணா வாக்கிங் போனோம்மா!" என்றார் தட்சிணாமூர்த்தி. "நாய் முன்னால, சார் நடுவுல, நான் கடைசில. அது திரும்பிப் பார்க்குறதைப் பார்த்துகினேதான் நானும் நடந்தேன். எனக்குத் தெரியாதா அது நடை?"

ஜெயகிருஷ்ணன் செருப்பு மாட்டுகிற சத்தம் வாசலில் கேட்டது.

"குரூப்ல நான் போட்டதைப் பார்த்தியா?" என்று கேட்டாள் ஜெயஸ்ரீ.

"பார்த்தேன் ஆன்ட்டி."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

"சொன்னா வெள்ளிக்கிழமைக்கு என்ன இருக்கு?"

ஜெயஸ்ரீ அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பிறகு அங்கேயே உட்கார்ந்து, குரூப்பில் போட்ட வீடியோவை எல்லாருக்குமாக அழித்தாள். 'ஓவியா தங்கமான பெண். தப்பு முழுக்க என்னுடையது. மன்னியுங்கள்' என்று தட்டினாள்.

தன் போனில் இருந்த மாடி வீடியோவையும் அழிக்கப் போனவள், ஒரு தரம் ஓடவிட்டுப் பார்த்தாள். நாலு எட்டு. தலையைச் சாய்த்து ஒரு பார்வை. மறுபடி நாலு எட்டு.

விரல் நின்றுவிட்டது. மேனேஜர் நடந்து போகிற வீடியோ அவளிடம் வேறு இல்லை.